இரட்டை வண்டி

"நீயே பாத்து எடு" என்று சொல்லிவிட்டு உமாபதி போய்விட்டான். சத்யகலாவுக்கு அந்தப் பேச்சு தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. ஒரு சீப்பு வாங்குவதென்றாலும் அவன் அம்மாவைக் கேட்டு, அவனைக் கேட்டு, கடைசியில் மூத்த மகள் மகியின் பெரியம்மா காதிலும் போட்டுவிட்டு வாங்குகிற வீடு அது. அந்த வீட்டுக்காரன் சிங்கப்பூர் வரைக்கும் வந்து, தீம் பார்க் வாசலில், குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டியை வாடகைக்குக் கொடுக்கிற வரிசையில் அவளை நிறுத்திவிட்டு, நீயே எடு என்கிறானாம். என்றைக்கில்லாத திருநாளாக என்ன வந்தது இவனுக்கு? ஆரணியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான், இந்த வருஷம் நல்ல விற்பனை, கம்பெனிக்காரர்கள் டீலர்களையெல்லாம் குடும்பத்தோடு டூர் கூட்டிவந்திருக்கிறார்கள், அதுவரைக்கும் எல்லாம் சரி. ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டி ஓட்டல் ரூமில் சும்மாதானே கிடக்கிறது? காலையில் கிளம்பும்போது, அத வுட்டுடு சத்யா, முன்சக்கரம் ஆடுது, அங்க வாடகைக்குக் கெடைக்கும் என்றான். முன்சக்கரம் அது வாங்கின நாளிலிருந்தே ஆடுகிறது. நேற்று வரைக்கும் கண்ணில் படாதது இன்றைக்குத்தான் பட்டதா? மகிக்குப் பாத்ரூம் வருகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு போனான். போகும்போது போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே போனான். சத்யகலா அதையும் பார்த்தாள். இடுப்பில் ஆதவ், ஒன்றரை வயசு, வியர்வையில் நசநசவென்று ஒட்டிக்கொண்டு அவள் செயினைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான். மேலே ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு முடிந்து முடிந்து மறுபடி ஆரம்பிக்கிறது. வரிசை ஆமை மாதிரி நகர்கிறது.

கவுன்டருக்குப் பக்கத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நீலப் பிளாஸ்டிக், மேலே வெயிலுக்கு மூடி, தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டிகள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒற்றை வண்டி எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சின்னவன் உட்காருவான், பெரியவள் நடப்பாள், பெரியவளுக்கு நாலரை வயசாகிறது, நடக்கவேண்டிய வயசுதான், இதை எந்த அம்மா செய்தாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் சத்யகலா எல்லா அம்மாவையும் போல இல்லையே. மகி என்கிற மகிழினி மூத்தாள் வினோதா பெற்ற பிள்ளை. வினோதா காய்ச்சலில் போனபோது மகிக்கு இன்னும் ஒரு வயசு முடியவில்லை. இரண்டாம் தாரமாக வந்தவள் தன் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, மூத்தாள் பிள்ளையை வெயிலில் நடத்திக் கூட்டிப்போகிறாள் என்று சொல்ல எத்தனை வாய் வேண்டும், ஒன்று போதும். சரி, இரண்டு ஒற்றை வண்டியாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் உமாபதி எதைத் தள்ளுவான்? யோசிக்காமல் மகியின் வண்டியைத்தான் பிடிப்பான். அவள் கையில் ஆதவ் வண்டி. அவனும் அவன் மகளும் முன்னால், அவளும் அவள் மகனும் பின்னால், ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகிற மாதிரி, அதையும் எவளாவது ஒரு டீலர் பெண்டாட்டி போட்டோ எடுப்பாள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு சீட் வைத்த நீளவண்டியும் இருக்கிறது. அதில் முன்னால் யார், பின்னால் யார்? முன்னால் உட்காருகிறவனுக்கு எல்லாம் தெரியும், பின்னால் உட்காருகிறவளுக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும். கடவுளே, ஒரு வண்டியில் இத்தனை வம்பு இருக்கும் என்று யார் கண்டது? மிச்சம் இருப்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட் வைத்த இரட்டை வண்டி. உமாபதி மனசில் இருப்பது அதுதான். அவன் வாயால் சொல்லமாட்டான். இவள் அதை எடுக்கிறாளா என்று பார்க்கிறான், அவ்வளவுதான். இல்லை, அவனாகப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. கௌசல்யாதான். வினோதாவின் அக்கா, மகியின் பெரியம்மா, மெட்ராஸில் வேளச்சேரியில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்துவிடுவாள். மகிக்குட்டி, இன்னிக்கி என்னடா சாப்ட்ட, யாருடா ஊட்டுனா, யார் பக்கத்துலடா தூங்குன என்று கொஞ்சுகிற மாதிரிதான் கேட்பாள், கோர்ட்டில் வக்கீல் கேட்கிற மாதிரி ஒன்று விடாமல் கேட்பாள். வருகிற ஜூனில் மகியைத் தன்னோடு வைத்துக்கொண்டு அங்கேயே ஸ்கூலில் சேர்க்கவேண்டும் என்பது அவள் எண்ணம். ஆரணியில என்ன இருக்கு, இங்க நான் பாத்துக்கறேன், சத்யாவுக்கும் கைக்குழந்தை, அவளுக்கும் கஷ்டம் என்று எவ்வளவு அனுசரணையாகச் சொன்னாள். டூர் முடிந்து போனதும் அதைப் பற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசவேண்டும். அந்தப் பேச்சில் சத்யகலா வாயைத் திறக்க வழியில்லை. அனுப்பிவிடுங்கள் என்றால், பார், எப்போது தொலையும் என்று காத்திருந்தாள் என்பார்கள். அனுப்பமாட்டேன் என்றால், வினோதாவின் நகையெல்லாம் அந்தப் பெண் பேரில்தானே இருக்கிறது, ஏன் விடுவாள் என்பார்கள். அனுப்ப அவளுக்கு மனசில்லை, அதுதான் உண்மை. மகிக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தவள் அவள். மகி தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்பதும், தோசையின் நடுவை மட்டும் தின்றுவிட்டு ஓரத்தை வைத்துவிடுவாள் என்பதும், இடது காது மடலைத் தொட்டால் கூசுவாள் என்பதும் வேளச்சேரிக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னாலே கணக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். மகியை மடியில் வைத்திருக்கும்போதுகூட, ஆதவை அணைக்கிற இறுக்கத்தில்தான் இவளையும் அணைக்கிறோமா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து போகிறது. அப்படி நினைத்த உடனே கை விறைத்துக்கொள்கிறது. விறைத்ததைக் குழந்தை கண்டுபிடித்துவிட்டதோ என்று அடுத்த பயம். அம்மா அம்மா என்று மகி வாய் நிறையத்தான் கூப்பிடுகிறாள். சமயத்தில் அந்த அம்மாவே கொஞ்சம் அதிகமோ, யாராவது சொல்லிக்கொடுத்ததோ என்று தோன்றும். நாலரை வயசுப் பிள்ளைமேல் சந்தேகப்படுகிறவள் உருப்படுவாளா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டாலும் சந்தேகம் போய்விடுமா என்ன.

எல்லாம் நேற்று பறவைப் பூங்காவில் ஆரம்பித்தது. ஆதவ் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். மகி கிளிகளைப் பார்க்கிறவரைக்கும் குதித்துக்கொண்டு வந்தாள், அப்புறம் கால் வலிக்குது, தூக்கு தூக்கு என்று பாதை நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நீ பெரிய பொண்ணு, நட என்றாள் சத்யகலா. அதற்கும் கேட்கவில்லை. அப்புறம் வேறு ஏதோ சொன்னாள். எந்த அம்மாவும் சொல்கிறதுதான். அது இப்போது எதற்கு. உமாபதி முன்னால் போய் நின்றுகொண்டு எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தான். இவள் வண்டியைத் தள்ளுகிறாள், ஆதவ் ராஜா மாதிரி சாய்ந்துகிடக்கிறான், ரொம்பப் பின்னால் மகி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறாள். அதைப் பார்த்துப் பார்த்து எடுத்த மாதிரி எடுத்து, பார்த்துப் பார்த்துக் குடும்ப குரூப்பில் போட்டான். அவனுக்கு அவ்வளவு கெட்டபுத்தி கிடையாது, எருமைமாட்டு ஞானம்தான், கையில் வந்த போட்டோவைப் போட்டிருப்பான். ஆனால் கௌசல்யா அதற்கு ஒரே வரி போட்டாள். பாப்பா ஏன் நடந்து வருது? அதற்கப்புறம் ஒரு பூ இல்லை, ஒரு கைகூப்பு இல்லை, குரூப்பே கப்சிப். சாயங்காலம் உமாபதி போனை எடுத்துக்கொண்டு ஓட்டல் வராந்தாவுக்குப் போய்விட்டான். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். மகி அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வந்ததும், யாருங்க என்று கேட்டாள் சத்யகலா. கடையில இருந்து என்றான். கடையிலிருந்து வந்த போனுக்கு அவ்வளவு நேரம் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டு நிற்பானா? காலையில் எழுந்ததும் வண்டிச் சக்கரம் ஆடுகிறதாம்.

இப்படி எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்லி அவளை மாட்டிவிடுவது புதுசும் இல்லை. அந்த வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் ஒரு நல்ல காரியமும் கிடையாது. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவளுக்குப் புதுச்சேலை வைத்து, பூ வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டபிறகுதான் வீட்டுக்காரர்கள் மேலே ஒரு அடி வைப்பார்கள். பிளேன் ஏறுவதற்கு முன்னாலும் படைத்தார்கள். சேலையை நீயே பாத்து எடு என்றார் மாமியார். அப்போதும் இதே பேச்சுதான் பாருங்கள். ஒரு மணிநேரம் கடையில் நின்று, கண்ணை உறுத்தாத அரக்கில் மெல்லிசுச் சரிகை போட்டதாக எடுத்துவந்து வைத்தாள். போட்டோவைப் பார்த்த கௌசல்யா, வினோதாவுக்கு இந்தக் கலரே புடிக்காது என்றாள். படைத்த சேலையை இளையவள்தான் கட்டவேண்டும் என்பது முறை, இவளும் கட்டிக்கொண்டாள். நாளெல்லாம் அது உடம்பில் குத்திக்கொண்டே இருந்தது. உசுரோடு இருக்கிறவளுக்கே என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, செத்தவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? அதை நினைத்ததும் இரட்டை வண்டியைப் பற்றி வேறொரு பயம் வந்து சேர்ந்தது. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். இரட்டை வண்டியை எடுத்து, மகி உட்காரமாட்டேன் என்று இறங்கிக்கொண்டால், ஒரு பக்கம் ஆதவும் இன்னொரு பக்கம் காலி சீட்டுமாகத்தானே தள்ளவேண்டும். வெறும் சீட்டில் யார் உட்கார்ந்து வருவாள்? சீச்சீ என்று ஆதவை மறுஇடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றும்போது நேற்று சொன்னது மறுபடி எட்டிப்பார்த்தது. உங்க பெரியம்மா ஊட்டுக்கே போயிடு, அவங்க தூக்குவாங்க. அவ்வளவுதான். கோபத்தில் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, மகிகூட அதற்கு அழவில்லை, எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நடந்துவந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. பேசாமல் நடந்தாளே, அதுதான் போட்டோவில் அப்படி விழுந்தது.

பின்னால் நின்ற கண்ணமங்கலம் டீலரின் சம்சாரம் குனிந்து ஆதவ் கன்னத்தைக் கிள்ளினாள். மூத்தது எங்க காணோம், ரொம்ப அமைதி இல்ல அது என்றாள். அமைதி என்றால் என்ன அர்த்தம்? பயந்துகிடக்கிறது என்று அர்த்தமா? அப்பாவோட போயிருக்கா என்று பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பினாள் சத்யகலா. அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. கவுன்டரில் தொப்பி போட்ட ஒரு தமிழ்ப் பெண். எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு என்று கேட்டாள். ரெண்டு என்று சொன்னதும், இரட்டை எடுத்துக்குங்க அக்கா, பெரிய பிள்ளையும் மத்தியானத்துக்கு மேல சோர்ந்திடும் என்றாள். எல்லாருக்கும் சொல்கிறதைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும், இவளையும் யாராவது சொல்லி நிறுத்திவைத்திருப்பார்களோ என்று ஒரு நொடி சத்யகலாவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. இரட்டையே கொடுங்க என்றாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்ததும் அகலமான வண்டி வாசலை அடைத்துக்கொண்டு வந்தது. ஆதவை இடதுபக்கம் உட்காரவைத்து வாரைப் போட்டாள். வலதுபக்கம் காலியாக இருந்தது. தள்ளாமல் அங்கேயே நின்றாள். கையால் பிடித்துக்கொண்டுகூட இல்லை, கைப்பிடியை விட்டுவிட்டுத்தான் நின்றாள்.

உமாபதி மகியோடு வந்தான். வண்டியைப் பார்த்தான். ஓ, இரட்டையா என்றான். சந்தோஷமா, தப்பித்தோம் என்கிற மூச்சா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறுடா மகி என்றான். மகி வண்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கடைசியாகச் சத்யகலாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பெரிய பொண்ணு. நடக்கறேன்" என்றாள். நேற்று இவள் சொன்ன அதே சொல்லைத் திருப்பி இவள் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. உமாபதி சொல்லிப்பார்த்தான், கெஞ்சிப்பார்த்தான், தூக்கி வைக்கப் போனான், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சரி வுடு, கால் வலிச்சா அவளே ஏறுவா என்றான். அவனுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். சத்யகலாவுக்கு ரத்தம் கொதித்தது. இது அந்த வேளச்சேரிக்காரி சொல்லிக்கொடுத்த வேலையேதான். நீ வண்டியில ஏறாதடா தங்கம், நடந்தே போ, எல்லாரும் பாக்கட்டும். இரட்டை வண்டியை எடுத்தும் மூத்தாள் பிள்ளை நடக்கிறதென்றால் இன்னும் மோசமாகத்தானே தெரியும். சின்னப்பிள்ளைக்கு இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வரும், யாரோ உள்ளே திணித்தால்தான் வரும். தண்ணீர் பாட்டிலும் துணியும் வைத்த பையைத் தூக்கிக் காலி சீட்டில் வைத்தாள். வெறும் சீட்டைத் தள்ளினோம் என்று இருக்கவேண்டாம். மூன்று பேரும் நடந்தார்கள். ஆகாசத்தில் ரயில் ஓடுகிற சத்தமும், அதில் தலைகீழாகப் போகிறவர்களின் கூச்சலும், வெண்ணெய் போட்டு வறுத்த சோளத்தின் வாசனையும். கரடி வேஷம் போட்ட ஒருத்தன் கையாட்டினான். ஆதவ் குதித்தான். மகி கையாட்டவில்லை. வண்டியின் பக்கக்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்துவந்தாள். இரண்டு தடவை வலதுகாலை லேசாக உதறினாள். சத்யகலா அதைப் பார்த்தாள், உட்காரச் சொல்ல வாயெடுத்தாள், நடிக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்து வாயை மூடியது.

அப்போது உமாபதியின் சட்டைப்பையில் போன் அடித்தது. வீடியோ வருகிற மணி. அவன் எடுத்து யார் என்று பார்ப்பதற்குள் மகி கம்பியை விட்டாள். விறுவிறுவென்று வண்டிக்கு முன்னால் வந்து, சீட்டில் இருந்த பையின் மேலேயே ஏறி உட்கார்ந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றியில் ஒட்டியிருந்த முடியைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். போட்டோ ஸ்டுடியோவில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரியம்மாடா என்று உமாபதி போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அங்க ஐஸ் விக்கறான், வாங்கிட்டு வரேன் என்று நகர்ந்தான். சத்யகலா கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். இனி இருக்கிறது கச்சேரி. இத்தனை ஜனத்துக்கு நடுவில் இந்தப் பிள்ளை வாயிலிருந்து என்ன வருமோ?

"மகிக்குட்டி, நடந்தாடா போற? கால் வலிக்குதா?"

"இல்ல பெரியம்மா. வண்டியிலதான் வந்தேன். அம்மா என்னத்தான் மொதல்ல ஏத்துனாங்க. தம்பி அழுதான். அப்பக்கூட என்னத்தான் ஏத்துனாங்க." போனைத் தள்ளிப் பிடித்து வண்டியைக் காட்டினாள், மூடியைக் காட்டினாள், பக்கத்தில் ஆதவைக் காட்டினாள். காலைக் காட்டவில்லை. கௌசல்யாவின் குரல் இறங்கிப்போய், சரிடா தங்கம், சந்தோஷமா இரு என்றது. சத்யகலா அந்தக் குரலில் விஷத்தைத் தேடினாள். தங்கச்சியைப் பறிகொடுத்தவளின் குரலாக மட்டும்தான் இருந்தது. மகி டாட்டா காட்டிவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கி, படம் போய்விட்டதா என்று உற்றுப் பார்த்தாள். போனதும் வண்டியிலிருந்து இறங்கினாள். நசுங்கிப்போன பையைத் தட்டி நேராக்கி முன்பு இருந்த மாதிரியே வைத்தாள். போய்ப் பக்கக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, போலாமா என்கிற மாதிரி நின்றாள்.

சத்யகலா அந்தப் பாதை ஓரத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். ஏன் மகி அப்படிச் சொன்ன, நீ நடந்துதான வந்த என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மகி திரும்பி அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டாள்.

"நடந்தேன்னு சொன்னா பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப உக்காந்துக்க வேண்டியதுதானடி. உனக்குன்னுதான எடுத்தேன்."

"உக்காந்தா நீ அனுப்பிடுவ."

அழாமல்தான் சொன்னாள். சத்யகலாதான் அழுதாள். எத்தனை முகத்தை உற்று உற்றுப் பார்த்து என்ன என்ன கண்டுபிடித்தாள் இந்த இரண்டு நாளில், தன் முகத்தை இந்தப் பிள்ளை அதே மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியாமல் போய்விட்டதே பாவிக்கு. கோபத்தில் வந்தது வந்த வேகத்தில் போய்விட்டது என்று நினைத்தாளே, எங்கே போனது, இதோ இங்கே, இந்தப் பாவாடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. உன்னை எங்கயும் அனுப்பமாட்டேன் என்றாள். சொல்லும்போதே, போன வருஷம் ஊசி போடும்போது வலிக்காது என்று சொன்னதும் இதே குரலில்தான் என்று ஞாபகம் வந்தது. மகி தலையை ஆட்டினாள். ஊசிக்கும் அப்படித்தான் ஆட்டினாள். சத்யகலா எழுந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்க்க வந்த கண்ணை அடக்கிக்கொண்டு, மகியின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிச் சீட்டில் வைத்தாள். இந்தத் தடவை வில்லாக வளையவில்லை. ஆதவ் அக்கா கையைப் பிடித்து இழுத்தான், மகி கொடுத்தாள். ஆனால் சாய்ந்துகொள்ளவில்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலை மட்டும் வண்டிக்குள் வைத்து, இன்னொரு காலைக் கீழே தரையில் ஊன்றியிருந்தாள். அந்தக் கால் மேலே வந்தால்தான் வண்டியைத் தள்ளமுடியும். தூரத்தில் உமாபதி இரண்டு கையிலும் ஐஸ் வைத்துக்கொண்டு, இன்னும் ஏன் அங்கயே நிக்கிற என்று கத்தினான். சத்யகலா கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, தள்ளாமல், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.